நரம்பறிவியல் பிஎச்.டி.க்கு கைடு தேடும்போது: மேற்கோள் கணக்கில் எதை நம்பலாம், எதை விடலாம்

ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டது. இரண்டு மூன்று இடங்களிலிருந்து நேர்காணல் அழைப்பும் வந்துவிட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸா, இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையமா, மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையமா, சென்னை ஐ.ஐ.டி.யா என்று யோசிக்கும் மாணவர்கள் அடுத்துச் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பேராசிரியர்களின் பெயரை ஒவ்வொன்றாக, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் போட்டு, வலப்பக்கம் வரும் எண்களை ஒப்பிடுகிறார்கள். ஒருவருக்கு 9,000 மேற்கோள்கள் (அவருடைய கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் குறிப்பிட்ட எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் (இதன் சூத்திரம் கீழே வருகிறது) 45 என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்கு 1,100 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 17. மனசு உடனே முதல் பெயர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. விலங்குகளையோ நோயாளிகளையோ வைத்துச் செய்யும் மூளை ஆராய்ச்சியில் ஐந்து வருஷம் என்று கணக்குப் போட்டுக்கொள்வதுதான் நடைமுறை. இருபத்து மூன்று வயதில் தொடங்கி இருபத்தெட்டு வரைக்கும் ஒருவருடைய லேபில் இருக்கப்போகிறோம். அதை ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவு செய்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் எச்-இண்டெக்ஸை விட்டுவிடுங்கள். அந்த லேபிலிருந்து கடந்த பத்து ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று நாள் இருக்கிறது என்றால் மற்ற கணக்குகளையும் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

எந்தத் தளத்தில் எண்ணுவது?

கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்று மேற்கோளை எண்ணும் மூன்று தளங்களும் ஒரே ஆளுக்கு மூன்று வெவ்வேறு எண்களைக் காட்டும். பொதுவாகக் கூகுளில் அதிகம், அடுத்தது ஸ்கோபஸ், கடைசியில் வெப் ஆஃப் சயின்ஸ். கூகுள் ஸ்காலர் ஜர்னல் கட்டுரைகளோடு நிற்பதில்லை. முனைவர் பட்ட ஆய்வேடு, மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் போடும் முன்பதிப்பு, புத்தக அத்தியாயம், மாநாட்டுச் சுருக்கம், கல்லூரி இணையதளத்தில் கிடக்கும் பி.டி.எஃப். என்று கண்ணில் படுவதை எல்லாம் எண்ணிக்கொள்ளும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்துச் சேர்த்த ஜர்னல்களையும் மாநாடுகளையும் நூல்களையும் மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. ஆகவே ஒருவருடைய கூகுள் எண்ணை இன்னொருவருடைய ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. இரண்டு பேரை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டு பேரையும் ஒரே தளத்தில் பாருங்கள்.

கூகுள் ஸ்காலரில் ஆள் வைத்துச் சரிபார்ப்பது கிடையாது. 2010-இல் பிரான்சைச் சேர்ந்த கணினி ஆய்வாளர் சிரில் லாபே, ஐக் ஆன்ட்கேர் என்று இல்லாத ஓர் ஆளை உருவாக்கினார். கணினி தானாக எழுதிய நூறு போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி இணையத்தில் போட்டார். அந்த ஆளுடைய எச்-இண்டெக்ஸ் 94 ஆனது. ஸ்பெயின் ஆய்வாளர்கள் சிலர் இரண்டு ஆண்டு கழித்து வெறும் ஆறு போலி ஆவணங்களைப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றியே தங்கள் குழுவின் கட்டுரைகளுக்கு 774 மேற்கோள்களைக் கூட்டிக் காட்டினார்கள். இரண்டுமே இந்தத் தளம் எவ்வளவு எளிதில் ஏமாறும் என்று காட்டுவதற்காகச் செய்தவை. இதற்காக உங்கள் கைடைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. 4,000-க்கும் 4,600-க்கும் இடையில் ஒரு வித்தியாசம் இருப்பதாக நினைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களின் பதிவுகளைப் பார்க்கும்போது இதைவிடப் பெரிய சிக்கல் பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். சுப்பிரமணியன் மகன் கார்த்திகேயன், சென்னையில் படிக்கும்போது எஸ். கார்த்திகேயன் என்று முதல் கட்டுரையைப் போட்டிருப்பார். பாஸ்போர்ட் எடுக்கும்போது சுப்பிரமணியன் குடும்பப் பெயர் ஆகிவிடும். பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணியான போஸ்ட்டாக்குக்குப் போன நாட்டில் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் கே. சுப்பிரமணியன். திரும்பி வந்து வேலையில் சேர்ந்ததும் மறுபடி எஸ். கார்த்திகேயன். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண் ஆய்வாளர்களின் கதையும் இதேதான். ஸ்கோபஸில் இப்படிப்பட்ட ஒருவருக்கு இரண்டு மூன்று ஆசிரியர் அடையாள எண்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பாதிப் பாதிக் கட்டுரைகள். கூகுளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். வேறு ஊர், வேறு துறை எஸ். கார்த்திகேயன்களின் கட்டுரைகள் எல்லாம் இவர் பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். மூளை ஆராய்ச்சியாளர் ஒருவரின் பக்கத்தில் சோலார் பேனல் பற்றிய கட்டுரையைப் பார்த்தால் அவர் பல துறை வித்தகர் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தைச் சுத்தம் செய்ய அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு 2012-இல் வந்த ஆர்க்கிட் எண்தான் நல்ல தீர்வு. ஆய்வாளர் தானே தன் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பக்கம் அது. கைடுக்கு ஆர்க்கிட் பக்கம் இருந்து, அதை அவர் ஒழுங்காகப் பராமரித்தும் வந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். இல்லை என்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் அவரே கொடுத்திருக்கும் பட்டியல். கூகுள் ஸ்காலரை அந்தக் கட்டுரைகளைத் தேடி எடுக்கப் பயன்படுத்துங்கள். எண்ணிக்கை வேண்டும் என்றால் ஸ்கோபஸின் இலவச ஆசிரியர் தேடலில், ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். 2022-இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளம் இலவசம், வசதியானது. ஆனால் பெயர்க் குழப்பம் அதிலும் உண்டு. வெப் ஆஃப் சயின்ஸை உங்கள் கல்லூரி சந்தா கட்டி வைத்திருந்தால் பாருங்கள். அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

எச்-இண்டெக்ஸும் மொத்த மேற்கோளும்

எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ், சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளில் குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் எச் 20. அவ்வளவுதான் சூத்திரம். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம், ஆளுக்கு ஐந்து கட்டுரை. முதல் ஆளுடைய கட்டுரைகளுக்கு 900, 400, 12, 9, 4 மேற்கோள்கள். அவருடைய எச் 4. இரண்டாவது ஆளுக்கு ஐந்துக்கும் தலா ஆறு, எச் 5. துறையையே திருப்பிப் போட்ட இரண்டு கட்டுரை எழுதியவர் இந்த அளவுகோலில் கீழே இருக்கிறார். ஒரே எண் ஒருவருடைய பணியைத் தோராயமாகத்தான் காட்டும் என்று ஹிர்ஷே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். துறைக்குத் துறை எண் மாறும், உயிரியலில் இயற்பியலைவிடக் கூடுதலாக வரும் என்றும் சொன்னார். எண்ணை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை.

எச் ஏறும், இறங்காது. ஆய்வை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். எனவே பட்டியலின் மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் மூத்தவர்கள். யு.ஜி.சி. விதிகள் பொருந்தும் பல்கலைக்கழகங்களில், ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வு மாணவரைச் சேர்க்க முடியாது. அது போக, ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு மாணவர்கள்தான் என்ற வரம்பும் இருக்கிறது. எச் 45 உள்ளவரிடம் இடமே இல்லாமல் போகலாம். இதை முதலிலேயே அலுவலகத்தில் கேட்டுவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

ஆனால் நரம்பறிவியலில் எச்-இண்டெக்ஸை வைத்து ஒப்பிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் வயது அல்ல. இந்தத் துறைக்குள் பல துறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கட்டுரை பிறக்கும் வேகத்திலேயே வேறுபடுகிறது. குரங்கின் மூளையில் மின்வாய் வைத்துப் பதிவு செய்யும் லேபில், ஒரு விலங்கைப் பழக்குவதற்கே பல மாதம் போகும். இரண்டு விலங்கு, மூன்று ஆண்டு உழைப்பு, ஒரு கட்டுரை. எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து ஆராயும் லேப், பொதுவில் கிடைக்கும் தரவுத் தொகுப்பை இறக்கி ஒரே ஆண்டில் மூன்று கட்டுரை எழுத முடியும். பல நாட்டு லேப்கள் சேர்ந்து தரவைத் திரட்டும் எனிக்மா போன்ற கூட்டமைப்பில் இருந்தால், நூற்றுக்கணக்கான ஆசிரியர்களில் ஒருவராகப் பெயர் வந்து, அந்தக் கட்டுரைக்கு வரும் மேற்கோள் எல்லாம் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுசாக ஏறும். வெட்டுக்கிளியின் மோப்ப நரம்புகளை ஆராய்பவருக்கு உலகம் முழுவதும் சேர்த்தே வாசகர்கள் கொஞ்சம்தான். இவர்களை ஒரே வரிசையில் நிறுத்தி யார் உயரம் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

கார்ல் ஃபிரிஸ்டனைப் பாருங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருக்கும் இவருடைய எச்-இண்டெக்ஸ் கூகுள் ஸ்காலரில் 250-ஐத் தாண்டியது. 2016-இல் செமான்டிக் ஸ்காலர் தளம் நரம்பறிவியலாளர்களைத் தாக்கத்தின்படி வரிசைப்படுத்தியபோது இவரே முதலிடம். காரணத்தைத் தேடினால் எஸ்.பி.எம். என்ற மென்பொருள் வந்து நிற்கும். 1990களின் தொடக்கத்தில் மூளைப் படங்களைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட அவர் உருவாக்கிய முறை அது, இலவசமாகவே கொடுத்தார். உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ அதைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதினால் அவருடைய முறைக் கட்டுரைகளில் ஒன்றை மேற்கோள் காட்டியாக வேண்டும். உண்மையான தொண்டு இது, பெரிய தொண்டு. ஆனால் இந்த எண்ணுக்கு அர்த்தம் 'இவருடைய கருவியை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்' என்பது. 'இவரிடம் சேர்ந்தால் எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்' என்பது வேறு செய்தி; அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எண்ணில் தெரியாது.

இன்னும் பழைய உதாரணம் ஆலிவர் லௌரி. மூளைத் திசுவின் வேதியியலை மிக நுட்பமான அளவுகளில் ஆராய்ந்தவர். 1951-இல் கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார். மூன்று லட்சம் மேற்கோள்களைத் தாண்டி, உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதுதான். அது அப்படியொன்றும் பெரிய கட்டுரை இல்லை என்று அவரே பின்னாளில் எழுதினார்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 1971-இல் ஜான் ஓகீஃபும் டோஸ்ட்ரோவ்ஸ்கியும், எலி கூண்டுக்குள் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்கள் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் இருக்கின்றன என்று ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். 'முதற்கட்டச் சான்று' என்று தலைப்பிலேயே அடக்கமாகப் போட்டிருந்தார்கள். அதன் தொடர்ச்சிக்கு ஓகீஃபுக்கு நோபல் வந்தது 2014-இல். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுச் சான் டியாகோ போன வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஓர் அட்டைப்பெட்டியும் ஒரு கண்ணாடியும் வைத்துக்கொண்டு, வெட்டி எடுக்கப்பட்டு இப்போது இல்லாத கையில் வலி இருப்பதாக உணர்பவர்களை ஆராய்ந்தார்.  ஓகீஃபோடு எழுபதுகளிலோ, ராமச்சந்திரனோடு தொண்ணூறுகளின் தொடக்கத்திலோ சேர நினைத்த மாணவருக்கு அன்றைய மேற்கோள் கணக்கு இதையெல்லாம் சொல்லியிருக்காது. கட்டுரையைப் படித்திருந்தால் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்று தெரிந்திருக்கும்.

ஜர்னல் பெயரைப் பார்த்து எடை போடலாமா?

வேண்டாம். இம்பேக்ட் ஃபேக்டர் என்பது ஒரு ஜர்னலில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்ற கணக்கு. சில கட்டுரைகள் வாரிக் குவிக்கும். அதில் சராசரி ஏறிவிடும். நேச்சர், சயின்ஸ் இரண்டிலுமே கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்குக் கட்டுரைகள் தங்கள் ஜர்னலின் இம்பேக்ட் ஃபேக்டரைவிடக் குறைவான மேற்கோள்களே பெறுகின்றன என்று 2016-இல் விரிவாகக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

மூளை ஆராய்ச்சியில் இதற்கு மேல் ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. மூளைப் பட ஆராய்ச்சியின் முதன்மை ஜர்னலாக இருந்த நியூரோஇமேஜின் ஆசிரியர் குழு, 2023 ஏப்ரலில் மொத்தமாக ராஜினாமா செய்தது. ஒரு கட்டுரை வெளியிட 3,450 டாலர் கேட்பது அநியாயம் என்பது அவர்கள் வாதம். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் வெளியேறி, எம்.ஐ.டி. பிரஸ் வழியாக இமேஜிங் நியூரோசயின்ஸ் என்ற புதிய ஜர்னலைத் தொடங்கினார்கள். புது ஜர்னல் என்பதால் அப்போது அதற்கு இம்பேக்ட் ஃபேக்டரே கிடையாது. அதே ஆண்டு ஈலைஃப் என்ற உயிரியல் ஜர்னல், மதிப்பாய்வுக்கு அனுப்பிய கட்டுரையை ஏற்றுக்கொண்டோம், மறுத்தோம் என்று சொல்வதை விட்டுவிட்டு, மதிப்பாய்வையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிடும் முறைக்கு மாறியது. அதனால் பிறகு இம்பேக்ட் ஃபேக்டரை இழந்தது. ஆக, கொள்கைக்காக நல்ல ஜர்னலைத் தேர்ந்தெடுத்த ஒரு கைடு, இம்பேக்ட் ஃபேக்டர் பட்டியலில் சறுக்கியவர் மாதிரித் தெரிவார். எனக்கு அப்படிப்பட்டவர்தான் கைடாக வேண்டும்.

மேற்கோள் அதிகம் என்றால் முடிவு சரி என்றும் ஆகாது. அல்சைமர் நோயில் நினைவிழப்புக்கு ஒரு குறிப்பிட்ட அமிலாய்டு புரதக் கூட்டே காரணம் என்று 2006-இல் நேச்சரில் வந்த மினசோட்டா பல்கலைக்கழகக் கட்டுரை 2,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்கள் பெற்றது. படங்கள் மாற்றப்பட்டிருப்பதாக 2022-இல் சயின்ஸ் இதழ் கேள்வி எழுப்பியது. 2024-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மேற்கோள்கள் இன்னும் கணக்கில் இருக்கின்றன. கைடின் பெயரை திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். பெயர் வந்துவிட்டது என்பதற்காகவே ஒதுக்கிவிடாமல் காரணத்தையும் படியுங்கள். தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திரும்பப் பெற்றவர்கள் மரியாதைக்குரியவர்கள்.

கட்டுரைகளைப் படிக்கும்போது எத்தனை பேரை, எத்தனை விலங்குகளை வைத்து ஆய்வு செய்தார்கள் என்று பாருங்கள். நரம்பறிவியல் ஆய்வுகளின் புள்ளியியல் வலு நடுமதிப்பில் 21 சதவீதம்தான் என்று 2013-இல் கேத்தரின் பட்டனும் குழுவினரும் கணக்கிட்டார்கள். அதாவது, உண்மையிலேயே இருக்கும் ஒரு விளைவை ஐந்தில் ஒரு முறைதான் அந்த மாதிரி ஆய்வுகளால் பிடிக்க முடியும். மூளை அமைப்பையும் மனிதர்களின் குணத்தையும் தொடர்புபடுத்தும் ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022-இல் நேச்சரில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. இருபத்தைந்து பேரை ஸ்கேன் செய்து 'கூச்ச சுபாவத்தின் இருப்பிடம்' கண்டுபிடித்ததாகச் சொல்லும் லேபில் உங்கள் ஐந்து வருஷத்தைப் போட வேண்டாம். எச் எவ்வளவாக இருந்தாலும் சரி.

எண்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். இலவசமாகத் தரும் ஐசைட் தளத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு கட்டுரையை அதே சின்ன வட்டத்தில் வந்த மற்றக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் கொடுக்கும், என்.ஐ.எச். நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமதிப்பு 1. வெட்டுக்கிளிக்காரரையும் எம்.ஆர்.ஐ.க்காரரையும் ஓரளவு நியாயமாக ஒப்பிட இருப்பவற்றில் இதுவே தேவலை. பப்மெட் என்ற மருத்துவ, உயிரியல் கட்டுரைத் தளத்தில் உள்ளவற்றுக்கு மட்டும்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த எண்ணிலும் அடங்காத உழைப்பும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் தரணி என்ற பெயரில் கருவில் வளரும் மனித மூளையின் வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 5,132 மூளைச் சீவல்கள். ஒவ்வொன்றும் செல் அளவுக்குத் துல்லியம். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வெட்டி, சாயமேற்றி, படமெடுத்து, பகுதி பகுதியாகப் பெயர் குறித்து வைத்த வேலை அது. எச்-இண்டெக்ஸில் அதன் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். திறமையாகக் கையால் வேலை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படும் மாணவருக்கோ அங்கே கிடைக்கும் பயிற்சி முதல் நாளிலிருந்தே பலன்.

முதல் பெயர், கடைசிப் பெயர்

இப்போது நான் நம்பும் வழிக்கு வருகிறேன். நம் துறையில் ஆசிரியர் வரிசைக்கு ஒரு மரபு இருக்கிறது. வேலையைச் செய்தவர் முதலில், லேபின் தலைவர் கடைசியில், உதவியவர்கள் நடுவில். ஒரு கைடின் உண்மையான பதிவு என்பது அவர் கடைசிப் பெயராக இருக்கும் கட்டுரைகள்தான். பப்மெட்டில் அட்வான்ஸ்டு தேடலுக்குள் போய் 'ஆத்தர் – லாஸ்ட்' என்ற புலத்தைத் தேர்ந்தெடுத்து, அவர் பெயரைப் போடுங்கள். வரும் பட்டியலைக் கடந்த பத்து ஆண்டுக்குச் சுருக்குங்கள். ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆண்டு, முதல் பெயர் இரண்டை மட்டும் எழுதுங்கள். முக்கால் மணி நேர வேலை.

அந்தத் தாளில் தெரிவதை ஒரு கற்பனை உதாரணத்தால் சொல்கிறேன். எச் 45 உள்ளவருக்குப் பத்து ஆண்டில் அறுபது கட்டுரை. கடைசிப் பெயராக இருப்பவை பதினெட்டு. அந்தப் பதினெட்டில் பதினொன்றுக்கு முதல் பெயர் இரண்டே இரண்டு போஸ்ட்டாக்குகள். மீதி ஏழும் நான்கு மாணவர்களுக்குள் பங்கிடப்பட்டிருக்கின்றன. மற்ற மாணவர்களின் பெயர் நடுவில் வந்து நடுவிலேயே நின்றுவிட்டது. எச் 17 உள்ளவருக்கோ கடைசிப் பெயராகப் பதினான்கு கட்டுரை. அவற்றில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வெவ்வேறு முதல் பெயர்கள், எல்லோரும் மாணவர்கள். கூகுள் ஸ்காலரின் வலப்பக்க எண்களில் இந்த வித்தியாசத்தின் சுவடே இருக்காது. நீங்கள் போஸ்ட்டாக்காகப் போகிறீர்கள் என்றால் முதல் லேப் அருமையான இடம். மாணவராகப் போகிறீர்கள் என்றால் இரண்டாவதைத்தான் நான் சொல்வேன்.

அடுத்தது சோத்கங்கா. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வேடுகளை இன்ஃபிலிப்நெட்டின் இந்தக் களஞ்சியத்தில் ஏற்றி வைக்கின்றன; கைடின் பெயரைப் போட்டுத் தேடலாம். பல பதிவுகளில் பதிவு செய்த தேதியும் பட்டம் பெற்ற தேதியும் இருக்கும். கழித்துப் பார்த்தால் அந்த லேபில் பிஎச்.டி. முடிய உண்மையில் எத்தனை வருஷம் ஆகிறது என்று கண்ணெதிரே வந்துவிடும். உதவித்தொகை ஐந்து ஆண்டுக்குத்தான். ஆறு, ஆறரை என்று தொடர்ந்து வந்தால் கடைசி வருஷம் வீட்டிலிருந்து பணம் வாங்க வேண்டியிருக்கும் என்று அர்த்தம். எல்லா வீட்டிலும் அது முடியாது.

புதிதாக வேலையில் சேர்ந்த உதவிப் பேராசிரியரிடம் இந்தச் சோதனை செல்லாது. பட்டம் பெற்ற மாணவரே இருக்க மாட்டார். அவருடைய போஸ்ட்டாக் காலக் கட்டுரைகளை எடுத்து, முதல் பெயராக இருந்தாரா, தானே ஒரு முறையை உருவாக்கினாரா, அதற்கான கருவி இப்போதைய இடத்தில் வாங்கி நிறுவியாகிவிட்டதா என்று பாருங்கள். கருவி இன்னும் டெண்டரில் இருக்கிறது என்றால் உங்கள் முதல் இரண்டு வருஷம் டெண்டரோடு போகும். கருவி இருந்தால், புது லேபில் சேர்வது நல்ல தேர்வு. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர அவருக்கு நேரமும் தேவையும் இருக்கிறது.

நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆராயும் மருத்துவர்களை வேறு மாதிரி பார்க்க வேண்டும். அரிய நோய் பற்றிய குறிப்புகள், பல மருத்துவமனைக் கூட்டாய்வுகள் என்று பட்டியல் நீளமாக இருக்கும், கடைசிப் பெயர்கள் குறைவாக இருக்கும். அங்கே கேட்க வேண்டியது, பிஎச்.டி. மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் அவர் கிடைப்பார் என்பது.

பெரிய பெயர் உதவாது என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு போஸ்ட்டாக்குக்கு விண்ணப்பிக்கும்போது, படிப்பவருக்குத் தெரிந்த பேராசிரியரிடமிருந்து வரும் பரிந்துரைக் கடிதத்துக்குத் தனி எடை உண்டு. உங்கள் திட்டம் அதுதான், எதையும் தானாகவே கற்றுக்கொண்டுவிடும் ஆளும் நீங்கள் என்றால் எச் 45 லேபுக்கே போகலாம். ஆனால் அந்தக் கடிதம் முதல் பெயராக ஒரு கட்டுரையாவது இருக்கும் மாணவருக்குத்தான் வலுவாக வரும். அதனால் அங்கே போவதற்கு முன்னும் அந்தத் தாளை எழுதிப் பாருங்கள்.

தாளில் உள்ள பெயர்களில் மூன்று பேருக்காவது மின்னஞ்சல் அனுப்புங்கள். நடுப்பெயராகவே நின்றுபோன ஒருவரும் அந்த மூவரில் இருக்கட்டும். லேப் எப்படி என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் நல்லது என்றுதான் எழுதுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: முதல் வரைவைக் கொடுத்தபோது திருத்தம் எத்தனை நாளில் திரும்பி வந்தது? சோதனை தோற்றபோது அடுத்து என்ன செய்வது என்று யாரோடு உட்கார்ந்து பேசினீர்கள்? ஆசிரியர் வரிசையை எப்போது, யார் முடிவு செய்தார்கள்? பதில் எழுதத் தயங்கி, 'போனில் பேசலாமா' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அன்றைக்கே பேசிவிடுங்கள்.